பங்குனி, சித்திரையில் ஆமையும் தவளையும் பார்க்க: கடற்கரையா, ஏரிக்கரையா, மழை இரவா?

சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் ஆமை, தவளை பார்க்கக் கிளம்புகிறவர்கள் முதலில் இடத்தைத்தான் விசாரிக்கிறார்கள். அதற்கு முன்னால் காலண்டரைப் பார்க்க வேண்டும். மார்ச் நடுவில் பங்குனி பிறந்து மே நடுவில் சித்திரை முடியும் இரண்டு மாதத்துக்குள் ஒரே கடற்கரை மூன்று கோலம் எடுத்துவிடுகிறது: முதலில் முட்டையிட ஏறும் ஆமை, அப்புறம் குஞ்சு, அப்புறம் வெறும் மணல். ஏரியில் கதை வேறு. அங்கே தண்ணீர் வற்ற வற்ற ஆமை கண்ணில் படுவது கூடிக்கொண்டே போகும். தவளைக்கு மாதக் கணக்கே கிடையாது, என்றைக்கு மழையோ அன்றைக்குத்தான்.

ஒரு குடும்பமோ நாலைந்து நண்பர்களோ இந்தப் பருவத்தில் ஒன்றிரண்டு முறைதான் வெளியே போக முடியும் என்று வைத்துக்கொண்டு இங்கே ஒப்பிடுகிறோம். எங்கள் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடலாம். சின்னப் பிள்ளைகள் உள்ள வீடென்றால் ஏரிக்கரைக் காலைப் பொழுதுக்கு முதலிடம். ஏப்ரலில் ஒரு மாலையைக் கடலாமைப் பொரிப்பகத்துக்கு ஒதுக்குங்கள். தவளைக்கு நாள் குறிக்க வேண்டாம். டார்ச்சையும் கம்பூட்ஸையும் வாசலில் எடுத்து வைத்துவிட்டு மழைக்குக் காத்திருங்கள்.

கடற்கரை: நடையா, பொரிப்பகமா?

ஆலிவ் ரிட்லி என்று செய்தித்தாள்கள் எழுதும் ஆமைக்கு நம் கரையில் பங்குனி ஆமை என்று பெயர். பெயரை வைத்துப் பங்குனியில்தான் வரும் என்று நினைத்துவிடக் கூடாது. ஜனவரியிலேயே ஏறத் தொடங்கி பிப்ரவரி, மார்ச்சில் உச்சத்துக்குப் போய், ஏப்ரலில் குறைந்துவிடும். இட்ட முட்டை பொரிய ஏறக்குறைய 45 முதல் 55 நாள். பிப்ரவரிக் கடைசியிலும் மார்ச்சிலும் இட்டவை ஏப்ரலிலும் மே தொடக்கத்திலும் பொரியும். ஆகவே கோடைத் தொடக்கத்தில் கடற்கரைக்குப் போக நினைப்பவர்களுக்கு இரண்டு வழி உண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத அனுபவங்கள்.

முதலாவது இரவு நடை. 1988 முதல் மாணவர்கள் நடத்திவரும் எஸ்.எஸ்.டி.சி.என். என்ற கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு பருவகாலத்தில் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடைப்பட்ட கரையில் ஒவ்வோர் இரவும் கூடு தேடி நடக்கிறது. வார இறுதி இரவுகளில் பொதுமக்களும் சேர்ந்துகொள்ளலாம். ஏறக்குறைய 7 கி.மீ. தூரம், முழுக்க மணலில். நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால் தொடங்கி முடிய விடியற்காலை 4 மணி ஆகிவிடும். பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை இரண்டாவது கிலோமீட்டரில் தோளில் ஏறிவிடும் என்பதை மறக்காதீர்கள். மணலில் 7 கி.மீ. என்பது சாலையில் 12 கி.மீ. நடந்த அலுப்பைத் தரும்.

போகும் முன் எதைப் பார்க்கப் போகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். தாய் ஆமையைப் பார்ப்பவர்கள் குறைவு. கூட்டைப் பார்ப்பவர்கள் அதிகம். எதையும் பார்க்காமல் திரும்புகிறவர்களும் உண்டு. இறந்து ஒதுங்கிய ஆமையைப் பார்க்கிற வாய்ப்பும் உண்டு, இதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் விலங்கு. விசைப்படகின் இழுவலைக்குள் சிக்கி மேலே வர முடியாமல் போனால் மூழ்கியே சாகும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவலை கூடாது என்ற விதி தமிழ்நாட்டில் இருக்கிறது. ஆமையும் முட்டையிடும் காலத்தில் கரையை ஒட்டிய அந்த நீரில்தான் கூடுகிறது.

தடம் கிடைத்தால் அது மறக்க முடியாத காட்சி. டிராக்டர் சக்கரம் ஏறிப்போனது போல முக்கால் மீட்டர் அகலத்தில் அலை விளிம்பிலிருந்து மேலே ஒரு கோடு, கொஞ்சம் தள்ளி இறங்கிய இன்னொரு கோடு. துடுப்புக் கால்களை மாற்றி மாற்றி ஊன்றுவதால் இரு பக்கத் தழும்பும் எதிரெதிராக இல்லாமல் ஒன்றுவிட்டு ஒன்றாக இருக்கும். இரண்டு கோடும் சேரும் இடத்தில் மணல் கிளறியிருக்கும், கூடு அதன் கீழே. ஒரு முழ ஆழம், குடுவை வடிவம், அதற்குள் மேசைப் பந்து அளவில் நூறு முட்டைக்கு மேல். பழகியவர்கள் கோலை மெதுவாக இறக்கி, மணல் திடீரென்று தளரும் இடத்தைக் கையால் உணர்ந்து கண்டுபிடிப்பார்கள். பழகாதவர் கோலை இறக்கினால் முட்டை உடையும். இந்த வேலையைக் கேட்டு வாங்காதீர்கள்.

தாய் ஆமையே எதிர்ப்பட்டால் குழுத் தலைவர் சொல்லும் இடத்தில் அப்படியே உட்கார்ந்துவிட வேண்டும். குழி தோண்டும்வரை அது எந்த வெளிச்சத்துக்கும் அசைவுக்கும் பயந்து கடலுக்குத் திரும்பிவிடும். போன பாதி இரவும் அதன் உழைப்பும் வீண். முட்டை விழத் தொடங்கிய பிறகு ஒருவித மயக்கத்தில் இருக்கும். அப்போது பின்பக்கமாக நின்று பார்க்கலாம். எல்லாம் முடிந்து மணலை மூடியதும் இந்த ஆமை ஒரு காரியம் செய்யும்: உடம்பை இடமும் வலமும் சாய்த்துத் தொம் தொம்மென்று தரையில் அடித்து மணலை இறுக்கும். 40 கிலோ எடை மணலில் விழும் அந்தச் சத்தம் காலடியில் அதிர்வாகத் தெரியும். கண்ணில் வழிவது அழுகையில்லை, உடலில் சேரும் உப்பை வெளியேற்றும் சுரப்பியின் நீர்.

இரண்டாவது வழி பொரிப்பகம். கரையில் நாயும் விளக்கும் மிதிபடுவதும் இருப்பதால் முட்டைகளை அதே இரவில் எடுத்து, வேலியிட்ட இடத்தில் அதே ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைக்கிறார்கள். பெசன்ட் நகரில் மாணவர்களின் பொரிப்பகம் இருக்கிறது. வனத்துறையும் சென்னை, செங்கல்பட்டு, கடலூர், நாகப்பட்டினம் மாவட்டக் கரைகளில் நடத்துகிறது. ஏப்ரலில் குஞ்சு வெளிவந்த நாள்களில் பெரும்பாலும் பொழுது சாயும் நேரத்தில் கடலில் விடுவார்கள். அரை மணி நேர வேலை, நடை கிடையாது, மூன்று வயதுப் பிள்ளையும் பார்க்கலாம். சிக்கல் ஒன்றுதான். இன்று பொரியும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. மதியமே விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

இங்கே கெடுவது பெரும்பாலும் செல்போனால். குஞ்சு எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் ஓடும். இருட்டில் கடல்வெளி கொஞ்சம் பளபளப்பதால்தான் அதற்குக் கடல் தெரிகிறது. ஃபிளாஷ் அடித்தால் அடித்தவரின் காலை நோக்கித் திரும்பும். குனிந்து கையில் எடுத்து 'உதவி' செய்வதும் வேண்டாம். மணலில் ஓடி அலையைத் தொடுவது அதற்குத் தேவையான ஓட்டம். கூட்டமாக நிற்கும்போது ஒரு அடி பின்னால் வைத்தாலும் குஞ்சு மிதிபடும். அதனால் விடும் நேரத்தில் யாரும் நகரக் கூடாது, பிள்ளைகளைக் கைப்பிடித்து நிறுத்துங்கள்.

மார்ச் முதல் பாதி என்றால் நடை. ஏப்ரல் என்றால் பொரிப்பகம். மே பத்து தேதிக்கு மேல் கடற்கரைத் திட்டத்தையே விட்டுவிடலாம்.

ஏரிக்கரை: பணமும் வேண்டாம், பதிவும் வேண்டாம்

செங்கல்பட்டும் காஞ்சிபுரமும் ஏரி மாவட்டங்கள். எந்தப் பக்கம் 5 கி.மீ. போனாலும் ஒரு ஏரி, தாங்கல், குட்டை இருக்கும். தாம்பரத்துக்குத் தெற்கே இருப்பவர்களுக்குப் பயணமே தேவையில்லை. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-ல் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் பறவைக்கு அருமையான இடம். ஆனால் ஆமைக்கு அகன்ற சதுப்பைவிடச் சின்ன ஏரிதான் வசதி. பார்க்க வேண்டிய தூரம் குறைவு, கரை முழுவதையும் ஒரு மணி நேரத்தில் சுற்றிவிடலாம். இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள, மீன் குத்தகைக்காரரையோ வலை வீசுபவரையோ ஒரு வார்த்தை கேட்டால் போதும். தூண்டில் இரையைத் தின்பதும் வலையைக் கிழிப்பதும் எங்கே என்று அவர்களுக்கு இடம் சுட்டத் தெரியும்.

நம் பக்கத்து ஏரிகளில் இரண்டு வகையை எதிர்பார்க்கலாம். பாலாமையின் ஓடு வழுவழுப்பாக, தண்ணீரில் நனைந்த கூழாங்கல் போலிருக்கும். செதில் கிடையாது, தோல் போர்த்தியது. வடநாட்டுப் பாலாமைக்கு ஓட்டில் மஞ்சள் புள்ளி உண்டு, நம் ஊரில் பெரும்பாலும் புள்ளியில்லாத பழுப்புப் பச்சை. மூக்கு குழல் போல நீண்டிருக்கும். இன்னொன்று காராமை. கறுத்த, கெட்டியான ஓடு, அதன் மேல் தலையிலிருந்து வால்வரை மூன்று வரப்பு ஓடும். கிணறுகளில் மக்கள் விட்டு வளர்ப்பதும் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான்.

இரண்டையும் பார்க்கும் முறை வேறு. காராமை வெயில் காய வெளியே ஏறும். பாதி மூழ்கிய கருவேல மரம், விழுந்த பனந்தண்டு, மதகின் கல் படி, கலங்கலுக்குப் பக்கத்துப் பாறை ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பைனாகுலரில் துழாவ வேண்டும். 8×42 அளவு பைனாகுலர் போதும். பத்து மடங்குக்கு மேல் பெருக்கினால் கை நடுக்கம்தான் பெரிதாகத் தெரியும். பங்குனியில் காலை 7 முதல் 9.30 வரை நல்ல நேரம். கத்திரி தொடங்கிவிட்டால் 8.30-க்கே கல் சுட்டுவிடும், ஆமை இறங்கிவிடும். அப்போது 6 மணிக்குக் கரையில் இருக்க வேண்டும்.

பாலாமையை வெளியே தேடினால் கிடைக்காது. தண்ணீர் மட்டத்தில் தேட வேண்டும். அல்லி இலைகளுக்கும் பாசிக்கும் இடையில் பென்சில் முனை அளவு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். கிளைத் துணுக்கு என்று கண் கடந்துவிடும். பார்வையை அங்கேயே நிறுத்தினால் அதன் நுனியில் இரண்டு துளை தெரியும், அதுதான் மூக்கு. மூச்சு எடுத்ததும் ஓசையில்லாமல் உள்ளே போகும், நீரில் வளையம்கூட விழாது. நேரத்தைக் குறித்துக்கொண்டு அதே பத்தடி வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள், கொஞ்ச நேரத்தில் பக்கத்திலேயே மறுபடி முளைக்கும். இந்த ஒரு வித்தை பிடிபட்டால், வெறும் ஏரி என்று நினைத்த இடத்தில் ஒரு காலையில் பல மூக்குகள் தெரியத் தொடங்கும்.

போகிறவர்கள் செய்யும் பெரிய தப்பு, கரையின் உச்சியில் நடப்பது. வானத்தைப் பின்னணியாக வைத்து நிற்கும் மனித உருவம் ஆமைக்கு நூறடிக்கு அப்பாலேயே தெரிந்துவிடும். அடுத்தடுத்து 'பொளக், பொளக்' என்ற சத்தம்தான் நமக்குக் கிடைக்கும். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி கரையைத் தேர்ந்தெடுங்கள், ஆனால் நிழல் தண்ணீரில் விழக் கூடாது. உள்சரிவில் இறங்கி, மரத்தடியில் உட்கார்ந்து 25 நிமிடம் அசையாமல் இருங்கள். இறங்கிய காராமை பெரும்பாலும் அதே கல்லுக்குத்தான் திரும்பி வரும். பிள்ளைகளுக்கு 25 நிமிடம் அதிகம்தான். ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து மூக்குகளை எண்ணச் சொன்னால் நேரம் ஓடிவிடும்.

தவளைக்கும் ஏரிக்கரை கைகொடுக்கும், அதுவும் ஒரு சொட்டு மழையில்லாமல். ஆண்டு முழுவதும் தண்ணீரிலேயே கிடக்கும் ஒரு தவளை நம் ஏரி, குட்டைகளில் சர்வ சாதாரணம். கண்ணும் மூக்கும் மட்டும் மேலே தெரிய மிதக்கும். கிட்டே போனால் மூழ்காமல், விட்டெறிந்த ஓட்டாஞ்சில்லு தத்துவது போலத் தண்ணீரின் மேலேயே நாலைந்து தத்துத் தத்தி ஓடி, திரும்பி நம்மையே பார்த்து நிற்கும். தவளை பார்க்க வேண்டும் என்று அடம்பிடிக்கும் பிள்ளைக்கு ஏப்ரலில் உறுதியாகக் காட்ட முடிகிற தவளை இதுதான். ஏரியை முதலிடத்தில் வைப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

ஆபத்து என்று பார்த்தால் சேறு. நீர் பின்வாங்கிய இடத்தில் மேலே வெடித்துக் காய்ந்த ஏடு, கீழே முழங்கால்வரை களி. மண் அள்ளிய பள்ளங்கள் ஏரிக்குள் திடீரென்று ஆள் ஆழத்துக்கு இறங்கும், மேலிருந்து தெரியாது. பிள்ளைகளை நீர் விளிம்பிலிருந்து பத்தடி தள்ளியே நிறுத்துங்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி, 10 மணிக்குள் திரும்புவது ஆகிய மூன்றிலும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

முற்றிலும் வற்றிய ஏரியில் பாலாமை சேற்றுக்குள் புதைந்து மழைக்காகக் காத்திருக்கும். அது செத்துவிடும் என்று தோண்டி எடுத்து வேறு குளத்தில் விடுகிறார்கள். வேண்டாம், அந்த உறக்கத்துக்குத் தகுந்த உடம்பு அதற்கு இருக்கிறது. சாலையைக் கடக்கும் ஆமை மட்டும் விதிவிலக்கு. ஓட்டின் பின்பாதியைப் பிடித்துத் தூக்கி, அது எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கத்து ஓரத்தில் விடுங்கள். பாலாமைக்குக் கழுத்து நீளம், பலமாகக் கடிக்கும், முன்பக்கம் கை வைக்காதீர்கள். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு உள்ள ஆமை கோயில் குளத்திலோ பூங்காக் குளத்திலோ தெரிந்தால் அது அமெரிக்க வகை, கடையில் குஞ்சாக வாங்கி வளர்ந்ததும் விட்டுவிட்டது. நம் ஆமையின் இரையையும் வெயில் காயும் கல்லையும் அது பிடித்துக்கொள்கிறது. படமெடுத்து வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.

மழை இரவு: கிடைத்தால் இதற்கு ஈடில்லை

நுணலும் தன் வாயால் கெடும் என்ற பழமொழியில் தவளை தேடும் முறை முழுவதும் அடங்கியிருக்கிறது. நுணல் மண்ணுக்குள் வாழும் தவளை. ஆண்டில் பத்து மாதம் அது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கோடை மழை தேங்கிய இரவில் தன் துணையைக் கூப்பிடக் கத்தும்போதுதான் அகப்படும். கண்ணால் தேடுகிறவர் ஒன்றைக் காணும் நேரத்தில் காதால் தேடுகிறவர் பத்தைக் காண்பார்.

இந்தத் தேர்வின் பலவீனம், நாளைக் குறிக்க முடியாது என்பது. சென்னைக் கரையோரத்தில் ஏப்ரல் முழுக்க ஒரு தூறல்கூட விழாமல் போகலாம். இங்கே மாலை இடிமழை பெரும்பாலும் ஜூனில்தான் சூடுபிடிக்கிறது. கோயம்புத்தூர், ஈரோடு, சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி, திண்டுக்கல், மதுரைக்காரர்களுக்குச் சித்திரையிலேயே வாய்ப்பு அதிகம். உள்மாவட்டத்தில் சொந்த ஊர் இருந்து விடுமுறைக்குப் போகிறவர்கள், தவளைத் திட்டத்தை அங்கே வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். மண் நனைந்தால் மட்டும் போதாது. வரப்போரத்திலும் மைதானத்திலும் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் தேங்க வேண்டும். மாலை வானிலை ஆய்வு மையத்தின் ரேடார் படத்தைப் பாருங்கள். மழை ஓய்ந்து இடி மின்னல் முற்றிலும் தள்ளிப்போன பிறகு, இருட்டி அரை மணி கழித்துக் கிளம்பினால் 10 மணிவரை கச்சேரி. மறுநாள் போகலாம் என்று தள்ளிப்போட்டால் பாதி போய்விடும். மண்ணுக்குள் வாழ்பவற்றில் சில ஒன்றிரண்டு இரவிலேயே காரியத்தை முடித்துக்கொண்டு புதைந்துவிடும்.

சத்தத்தை வைத்துப் பிரிக்கலாம். சீப்பின் பல்லை நகத்தால் இழுத்தது போன்ற கரகரப்பு, காதைத் துளைக்கும் அளவுக்கு உரக்கக் கேட்டால், பெரிய தவளையைத் தேடாதீர்கள். அதைக் கத்துவது இரண்டரை செ.மீ.கூட இல்லாத குறுவாய்த் தவளை, முதுகில் கருமையான அம்பு போன்ற கோலத்தோடு புல் தூரில் உட்கார்ந்திருக்கும். மரக்கட்டையைத் தட்டுவது போல 'டக் டக் டக்' என்று ஆள் உயரத்திலிருந்து வந்தால் மரத் தேரை. இழுத்து இழுத்துக் 'குர்ர்ர்ர்' என்று இனிமையாக வருவது சொறித்தவளை. 'க்ராங், க்ராங்' என்று அடித்தொண்டையில் வந்தால் பெருந்தவளை. இதன் ஆண் கனமழைக்குப் பிறகு எலுமிச்சை மஞ்சளாக மாறி, கன்னத்தின் இரு பக்கமும் நீலப் பை ஊதி நிற்கும். மற்ற நாளில் வெறும் பச்சைப் பழுப்பு. அந்த மஞ்சள் சில நாள்தான் இருக்கும், பகலிலும் தெரியும். இதன் கால் இறைச்சிக்காக வயல்களிலிருந்து கூடை கூடையாகப் பிடித்துப் போனார்கள். 1987-ல் இந்தியா ஏற்றுமதியைத் தடை செய்தது.

நுணல் இனத்தில் பலூன் தவளை ஒன்று உண்டு. கழுத்தே இல்லாத உருண்டை உடம்பு, சின்ன முகம், குட்டைக் கால். பின்னங்காலின் அடியில் மண்வெட்டி போல ஒரு கெட்டி மேடு இருக்கும். ஈர மண்ணில் விட்டு விளக்கை மங்கலாக்கிப் பார்த்தால், முகம் நம்மைப் பார்த்தபடியே இருக்க, பின்னங்கால்களை மாற்றி மாற்றித் தள்ளி, பின்பக்கமாகவே மண்ணுக்குள் இறங்கும். கடைசியில் இரண்டு கண் மட்டும் தெரியும், பிறகு அதுவும் மூடிக்கொள்ளும். இடத்தைக் குறிக்காமல் கண்ணை எடுத்தால் மறுபடி கண்டுபிடிக்க முடியாது.

கத்தும் தவளையை இருட்டில் நெருங்குவதற்கு மூன்று பேர் இருந்தால் சுலபம். பத்துப் பதினைந்தடி இடைவெளியில் நின்று, விளக்கை அணைத்துவிட்டு, சத்தம் வரும் திக்கை ஒவ்வொருவரும் கையால் காட்டுங்கள். மூன்று கையும் சந்திக்கும் இடத்தில்தான் அது இருக்கும். இரண்டு எட்டு வைத்ததும் சத்தம் நின்றுவிடும். அப்படியே நில்லுங்கள், இரண்டு மூன்று நிமிடத்தில் மறுபடி தொடங்கும், மறுபடி இரண்டு எட்டு. டார்ச்சை இடுப்பில் பிடிக்காமல் கண் மட்டத்தில் நெற்றியோரம் பிடியுங்கள், தவளையின் கண் அப்போதுதான் மின்னும்.

இப்போது ஆபத்து. தவளை வெளியே வரும் இரவில் அதைத் தின்னும் பாம்பும் வெளியே வரும். கண்ணாடி விரியன், கட்டுவிரியன், நாகம் மூன்றும் வயல்வெளியில் இருக்கக்கூடியவை. முழங்காலுக்குக் கீழ்வரை வரும் கம்பூட்ஸ் இல்லாதவர் சாலையை விட்டு இறங்கக் கூடாது. கால் வைக்கும் முன் அந்த இடத்தில் வெளிச்சம் விழ வேண்டும், கை வைக்கும் இடத்திலும் அப்படியே. கடிபட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அறுந்து கிடக்கும் மின்கம்பி இன்னொரு எமன். காட்டோரத்துத் தோட்டங்களில் பன்றிக்காகச் சட்டவிரோதமாக மின்வேலி போடுவதும் உண்டு. ஆகவே நிலத்துக்காரரிடம் பகலிலேயே கேட்டு, இடத்தை வெளிச்சத்தில் ஒரு முறை நடந்து பார்த்துவிட்டுத்தான் இரவில் போக வேண்டும். பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை வயலுக்கு அழைத்துப் போகாதீர்கள். அவர்களுக்குத் தெருவிளக்கடி போதும். மழைக்குப் பிறகு ஈசல் விழும் விளக்குக் கம்பத்தடியில் சொறித்தவளை இரண்டு மூன்று உட்கார்ந்து நாக்கை நீட்டி விழுங்கிக்கொண்டிருப்பதைப் பார்ப்பது அவர்களுக்குப் போதுமான திருவிழா.

தொடுவது பற்றி ஒரு வார்த்தை. கொசு விரட்டும் களிம்பு பூசிய கையால் தவளையை எடுத்தால், அந்த மருந்து அதன் தோல் வழியே உள்ளே போகும். தவளை தோலாலும் மூச்சுவிடும் பிராணி. சொறித்தவளையின் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் வீங்கிய சுரப்பியில் நஞ்சு உண்டு. அதைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்கினால் எரியும், நாய் கவ்வினால் வாயில் நுரை தள்ளும். தொடாமல் பார்ப்பதே நல்லது. ஒரு குளத்தின் சேற்றோடு அடுத்த குளத்தில் இறங்காதீர்கள், பூட்ஸைக் கழுவி வெயிலில் காயவைத்துவிட்டுப் போங்கள்.

மலைக்குப் போவது எப்படி?

இந்தப் பருவத்துக்கு வேண்டாம் என்பதுதான் எங்கள் கருத்து. வால்பாறையும் மேகமலையும் தவளைக்குப் பேர்போனவை, ஆனால் ஜூனில் மழை பிடித்த பிறகு. மே மாத விடுமுறைக் கூட்டத்தில் அறை வாடகையும் போக்குவரத்து நெரிசலும் மிஞ்சும். காட்டுக்குள் இரவில் நடக்க அனுமதி கிடையாது, சாலையோரத்திலேயே யானை நிற்கும். 2003-ல் அறிவியல் உலகுக்கு அறிமுகமான ஊதாத் தவளை கோடை மழையில் கத்தும் என்று படித்துவிட்டுக் கிளம்புகிறவர்களும் இருக்கிறார்கள். அது மண்ணுக்கடியில் இருந்துகொண்டே கத்தும், வெளியே வருவது ஆண்டில் சில நாள்தான்.

எதையாவது பார்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தில் இருப்பவர்கள், உதாரணமாகப் பாட்டி தாத்தாவோடு வருபவர்கள், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் 1976 முதல் இருக்கும் முதலைப் பண்ணைக்குப் போகலாம். அங்கே ஆமை வகைகளும் பல உண்டு. கட்டணம் உண்டு, ஏமாற்றம் இல்லை. பாலாமையையும் காராமையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் ஏரிக்குப் போனால் கண் பழகியிருக்கும். பெரியவர்களுக்குமே இந்த வரிசையைச் சொல்லுவோம்.

நட்சத்திர ஆமையை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை, வேண்டுமென்றேதான். வறண்ட புதர்க்காட்டில் முதல் மழைக்குப் பின் வெளியே வரும் அழகான விலங்கு. அந்த அழகுக்காகவே பையில் கட்டிக் கடத்துகிறார்கள். 2019-ல் உலக நாடுகள் கூடி அதன் வணிகத்தை முற்றிலும் தடை செய்தும் கடத்தல் நிற்கவில்லை. தற்செயலாகப் பார்த்தால் பார்த்துவிட்டு நகருங்கள். படத்தை இடத்தின் பெயரோடு பகிராதீர்கள், போனில் இருப்பிடப் பதிவை அணைத்துவிட்டே படமெடுங்கள். பங்குனி ஆமை, பாலாமை, நட்சத்திர ஆமை மூன்றும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. பிடிப்பதும் வளர்ப்பதும் முட்டை எடுப்பதும் குற்றம்.

நாள் குறிக்கும்போது

ஒரே ஒரு ஞாயிறுதான் கிடைக்கும் என்றால், அது மார்ச்சோ ஏப்ரலோ மேயோ, ஏரிக்குப் போங்கள். இரண்டு நாள் கிடைத்தால் ஏப்ரல் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் ஒரே வார இறுதியில் வையுங்கள்: சனி மாலை பொரிப்பகம், ஞாயிறு காலை ஏரி. பெரிய பிள்ளைகளும் நல்ல கால்களும் இருந்தால் மார்ச்சில் இரவு நடை. ஆனால் மறுநாள் காலை ஏரித் திட்டம் போடாதீர்கள், தூக்கத்தில் விழுவீர்கள்.

மழை கடைசிவரை ஏமாற்றினால், மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு முறை ஏறிப் பாருங்கள். குளியலறை ஈரத்திலும் பூந்தொட்டி இடுக்கிலும் ஒண்டிக்கொண்டு கோடையைத் தள்ளும் மரத் தேரை, தண்ணீருக்கு மேலே சுவரிலோ இலையிலோ முட்டையை நுரைக்குள் வைத்து ஒட்டிவிடும். உள்ளங்கை அளவு, சோப்பு நுரை காய்ந்தது போல வெள்ளையாக இருக்கும். அதைத் தேய்த்துக் கழுவிவிடாமல், கீழே ஒரு அகன்ற பாத்திரத்தில் குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வைத்திருந்து ஊற்றி வையுங்கள். சில நாளில் நுரை இளகி, தலைப்பிரட்டைகள் ஒவ்வொன்றாகச் சொட்டி விழும். பிள்ளைகள் எண்ணட்டும், எண்ணி முடித்ததும் நிழலான குளத்து ஓரத்தில், மீன் அதிகமில்லாத இடமாகப் பார்த்துக் கொண்டுபோய் விட்டுவிட்டு வாருங்கள்.